இன்னும் போகேல்லை

1997 ஆம் ஆண்டு ஜூன் மாத முதற் கிழமையில், கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்து அக்கராயனில் ஒரு பாடசாலைக் கட்டடத்தில் தங்கியிருந்த தில்லைநாதனும் அவர் மனைவி கமலாசனியும், ஒட்டுசுட்டானை அடுத்த ஒரு குடியேற்றத் திட்டத்தில் ஆளில்லாத வீடொன்றுக்குக் குடிவந்தார்கள்.

வீட்டில் இரண்டு அறைகளும், ஓலை வேய்ந்த தனிக் குசினியும், கட்டுக்கிணறும் இருந்தன. ஓடுகளில் பாதியை யாரோ கழற்றிப் போயிருந்தார்கள். வளவின் பின்னால் வாய்க்கால்; அதற்கு அப்பால் மரவள்ளித் தோட்டம்; அதற்கும் அப்பால் காடு. கிராம அலுவலரான விதானையார் வீட்டுத் திறப்பைக் கொடுக்கும்போது, "உடையவன் இல்லை, இருங்கோ" என்று மட்டும் சொன்னார். உடையவன் எங்கே போனான் என்று தில்லைநாதன் கேட்கவில்லை. அந்த வருடம் வன்னியில் யாரும் யாரையும் அப்படிக் கேட்பதில்லை.

மண்ணெண்ணெயில் இருமிக்கொண்டு வந்த லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்திலிருந்து இறங்கியதும் கமலாசனி வீட்டைப் பார்க்கவில்லை.

"பங்கர் எங்கை?" என்றாள்.

அவளுக்கு அது ஐந்தாம் மாதம். இதற்கு முன் தங்கிய இரண்டும் நிலைக்கவில்லை. பிந்தியது கிளிநொச்சியை விட்டு ஓடிய ஓட்டத்திலேயே போனது. இந்த முறை ஓடக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது என்று வைத்தியர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆகவே விமானம் வந்தால் நடந்து போய் இறங்கக்கூடிய தூரத்தில் ஒரு பதுங்குகுழி வேண்டும். அவளுக்கு வீடு என்றால் அப்போது அவ்வளவுதான்.

பங்கர் கிணற்றுக்கும் குசினிக்கும் நடுவில் இருந்தது. நல்ல பங்கர். வெட்டியவன் மனம் வைத்து வெட்டியிருந்தான். "ட" எழுத்தைப் போல ஒரு முடக்கு; மேலே பாலைக்குற்றிகள்; அதன்மேல் மண் நிரப்பிய உரப்பைகள். முடக்கு வைத்து வெட்டுவதற்குக் காரணம் உண்டு. குண்டுச் சிதறல் படிவழியாக உள்ளே வந்தாலும் நேரே போய்ச் சுவரில் அடிக்கும். முடக்குக்கு அப்பால் இருப்பவருக்கு ஒன்றும் ஆகாது. முடக்குக்கு இப்பால் இருந்தால் வெளியில் நிற்பதும் ஒன்றுதான்.

மூட்டைகளை இறக்கி முடிவதற்குள் வாய்க்காலின் பனங்குற்றிப் பாலத்தைத் தாண்டி ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். மாயாண்டி, பேச்சியம்மா. எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து வந்து, காடு வெட்டிக் குடியேறியவர்கள். பேச்சியம்மா அவித்த மரவள்ளிக் கிழங்கைச் சட்டியோடு கொண்டுவந்திருந்தாள். கமலாசனியின் வயிற்றைப் பார்த்துவிட்டுப் பங்கரைப் பார்த்தாள்.

"அம்மா, அந்தப் பங்கருக்குள்ள போக வேணாங்க. சத்தம் கேட்டா நம்ம பங்கருக்கு வந்துருங்க."

"ஏனக்கா, அதிலை என்ன?"

பேச்சியம்மா கணவனைப் பார்த்தாள். மாயாண்டி தலையைச் சொறிந்தார்.

"ஏதோ வந்து போவுதுங்க. காட்டோரமுங்களே."

"ஏதோ எண்டால்? பாம்போ, பண்டியோ?"

"பாக்கலீங்க," என்றார் மாயாண்டி, பார்வையை வேறெங்கோ வைத்துக்கொண்டு.

அவர்கள் போன பிறகு தில்லைநாதன் கிழங்கைத் தின்றபடி சொன்னார்: "உவை ஏதோ சாமான் உதுக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கினம். அதுதான் எங்களை இறங்க விடாயினம்."

கமலாசனி பாலத்தைப் பார்த்தாள். வழுக்கும் ஒற்றைப் பனங்குற்றி. வயிற்றுப் பிள்ளையோடு, தலைக்கு மேலே கிபிர் விமானம் சுற்றும்போது, அதில் நடக்க முடியாது.

மறுநாள் தில்லைநாதன் மண்வெட்டியோடு இறங்கிப் பங்கரைத் துப்புரவாக்கினார். ஒளித்துவைத்த சாமான் எதுவும் இல்லை. புற்றில்லை, பாம்புச் சட்டை இல்லை, எச்சம் இல்லை. சுவர்கள் கையால் தடவியதுபோல் வழவழவென்று இருந்தன. முடக்குக்கு அப்பால் ஒரு பாயைச் சுருட்டி வைத்தார். பக்கத்தில் மூடியோடு ஒரு மண்முட்டித் தண்ணீர், ஒரு பிஸ்கட் பைக்கற், துணிச்சுருள், டெட்டோல் போத்தல். எல்லா வீட்டுப் பங்கரிலும் இருக்கும் சாமான்கள்தான்.

அதற்கு அடுத்த நாள் பாய் விரிந்து கிடந்தது.

முட்டியில் தண்ணீர் குறைந்திருந்தது. மூடி திரும்ப மூடியபடியே இருந்தது.

"குரங்கு," என்றார் தில்லைநாதன்.

"குரங்கு மூடியைத் திரும்ப மூடுமோ?"

"நீ நேற்றுச் சரியா நிரப்பேல்லை."

அவள் நிரப்பியிருந்தாள். வெளிச்சம் பிடித்துப் பார்க்கலாம் என்றால் டோர்ச் இருந்தது, பற்றறி இல்லை. பற்றறி வன்னிக்குள் வரத் தடை. ஜாம் போத்தல் விளக்கு முடக்கைத் தாண்டியதும் அணைந்துவிடும். காற்று வர வழியில்லாத இடத்தில் எது ஊதி அணைக்கிறது என்று அவள் யோசித்தாள். காற்றே இல்லாததால்தான் அணைகிறது என்றார் தில்லைநாதன். அதுவும் சரியாகத்தான் பட்டது.

கண்ணாடியைக் கொண்டுபோய் வாசலில் வெயிலுக்குப் பிடித்து வெளிச்சத்தை உள்ளே விழுத்திப் பார்த்தாள். வெளிச்சம் நேரே போய்ச் சுவரில் நின்றது. முடக்குக்கு அப்பால் இருட்டு இருந்தபடியே இருந்தது.

பிறகுதான் சாம்பல் யோசனை வந்தது. உமி அடுப்புச் சாம்பலை அரித்து, படிகளிலும் உள்ளே தரையிலும் மெல்லிசாகத் தூவினாள். எது வந்தாலும் காலைப் பதித்துத்தான் போக வேண்டும்.

விடிந்து பார்த்தபோது ஒரு கால் அடையாளமும் இல்லை. சாம்பல் அப்படியே இருந்தது என்றும் சொல்ல முடியாது. ஒவ்வொரு படியிலும் நடுவில் மட்டும், விளக்குமாற்றால் இழுத்ததுபோல், ஒரு அகலத் துடைப்பு.

தில்லைநாதன் குந்தியிருந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "உடும்பு! வாலை இழுத்துக்கொண்டு போயிருக்கு. அதின்ர காலடியை அதின்ர வாலே அழிச்சிருக்கு. பெரிய உடும்பு. பிடிச்சால் கறிக்காகும்."

வேலிக்கு வெளியே மாடு பார்த்துக்கொண்டு நின்ற மாயாண்டியையும் கூப்பிட்டுக் காட்டினார். மாயாண்டி படியில் இறங்காமல், மேலே நின்றே பார்த்தார்.

"உடும்பு இம்புட்டு அகலமா இழுக்காதுங்கய்யா. கரடியா இருக்கும். பாலைப்பழக் காலமில்லையா, இறங்கி வந்திருக்கும். உடம்பு மயிரு தரையில படும்."

"கரடி பங்கருக்குள்ள ஏன் வருது? அதுக்கும் கிபிருக்குப் பயமோ?"

"அதுக்கும் உசுரு வெல்லந்தானுங்களே," என்றார் மாயாண்டி. இருவரும் சிரித்தார்கள்.

கமலாசனி சிரிக்கவில்லை. மாயாண்டி சிரித்து முடித்ததும் காலால் மேற்படிச் சாம்பலைக் கலைத்துவிட்டதை அவள் பார்த்தாள். தற்செயலாகக் கால் பட்டதுபோலத்தான் இருந்தது.

அன்றிலிருந்து அவள் பக்கத்து வளவைக் கவனிக்கத் தொடங்கினாள். பேச்சியம்மா தண்ணீருக்கு வரும்போது பங்கரைச் சுற்றிப் போவதைக் கண்டாள். மாயாண்டியின் மாடு, பங்கர் மேட்டில் நல்ல புல் இருந்தும் அங்கே வாய் வைக்காததைக் கண்டாள். பாலைப்பழத்துக்கு வருகிற கரடி மரத்தடியில் ஒரு அடையாளமும் விடாததைக் கண்டாள். காட்டுக்குள் ஒளித்துத் திரிகிற யாரோ ஒரு பெடியன் தண்ணீர் குடிக்க வருகிறானோ என்றும் ஒருநாள் நினைத்தாள். அன்று பாயில் ஒரு பிடி அவலும் வெல்லமும் வைத்துவிட்டு வந்தாள். அடுத்த நாள் கருவாட்டுத் துண்டு. அவலும் கருவாடும் எறும்பு மொய்த்தபடி கிடந்தன. தண்ணீர் மட்டும் குறைந்தது.

"பூனையா இருந்தா கருவாட்ட விடுமா?" என்றாள் பேச்சியம்மா. "நரியா இருந்தாலும் விடாது."

"அப்ப என்னக்கா அது? பசிக்காமல் தாகம் மட்டும் எடுக்கிற மிருகம் எது?"

பேச்சியம்மா குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள்.

"நம்ம பங்கருக்கு வந்துருங்கம்மா," என்றாள் மறுபடியும்.

அந்தக் கிழமை நடமாடும் கிளினிக் வந்திருந்தது. கமலாசனி சேலை உடுத்துப் போய் வயிற்றைக் காட்டிவிட்டு வந்தாள். பிள்ளையின் இதயத் துடிப்பு நன்றாக இருக்கிறது என்றார்கள். அந்தச் சந்தோசத்தோடு, உடுப்பு மாற்றாமலே, பங்கர் முட்டியில் புதுத் தண்ணீர் ஊற்ற இறங்கினாள். பட்டப்பகல். ஊற்றிவிட்டு முடக்கைச் சுற்றித் திரும்பியபோது, தான் இறங்கிவந்த படிகள் வெளிச்சத்தில் தெரிந்தன.

காலையில் புதிதாகத் தூவிய சாம்பலில் அவளுடைய காலடி ஒன்றும் இல்லை.

ஒவ்வொரு படியிலும் நடுவில், விளக்குமாற்றால் இழுத்ததுபோல், ஒரு அகலத் துடைப்பு.

குனிந்து தன் சேலைக் கரையைப் பார்த்தாள். சாம்பல் அப்பியிருந்தது.

முதுகுக்குப் பின்னால், முட்டியின் மூடி மெல்ல உரசியது.

எப்படி மேலே வந்தாள் என்று அவளுக்கு நினைவில்லை. ஓடக் கூடாது என்பது மட்டும் நினைவிருந்தது. ஓடவில்லை.

அன்று மாலை கூட்டுறவுச் சங்கக்கடையில் நிவாரணச் சாமான் நிறுத்துக் களைத்து வந்த தில்லைநாதனுக்கு அவள் சேலைக் கரையைக் காட்டினாள். அவர் கரையை விரலால் தடவிப் பார்த்தார்.

"அப்ப உவள் பேச்சியம்மாதான்," என்றார் பிறகு. "நாங்கள் படுத்தாப் பிறகு வந்து இறங்கியிருக்கிறாள்."

"பேச்சியக்கா முழங்காலுக்கு மேலை தூக்கிச் செருகிக்கொண்டு திரியிறவா. கரை எங்கை நிலத்திலை படுகுது?"

"அப்ப என்ன எண்டுறாய்?"

அவள் சேலைக் கரையை உதறினாள். சொல்லிவிட்டால் இருக்கிற ஒரு பங்கரும் இல்லாமற் போய்விடும்.

நெடுங்கேணிப் பக்கம் சண்டை நெருங்கிக்கொண்டிருந்தது. இரண்டு நாளில் கிபிர் வந்தது.

காலைச் சாப்பாடு முடிந்து தில்லைநாதன் சைக்கிளில் போன பிறகு. கமலாசனி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முதலில் கோழிகள் ஓடின. அதற்குப் பிறகுதான் வானம் கிழிகிற சத்தம். வாய்க்காலுக்கு அப்பாலிருந்து "அம்மா, வாங்க, வாங்க!" என்று பேச்சியம்மா கத்துவது கேட்டது. கமலாசனி பாலத்தைப் பார்த்தாள், பங்கரைப் பார்த்தாள். சுளகை வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்தபடி பங்கருக்குள் இறங்கினாள்.

முடக்கருகே வந்து நின்றாள். அதற்கு மேலே கால் போகவில்லை.

முதல் குண்டு எங்கோ விழுந்தது. படிவழியாகச் சூடான புழுதி உள்ளே அடித்தது. பிள்ளை வயிற்றில் புரண்டது. அவள் முடக்கைத் தாண்டிச் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள்.

இருட்டு. ஈரமண் வாசம். அதற்குள் வேறொரு வாசம்: நல்லெண்ணெய் வைத்துக் கன நாள் கழுவாத தலைமயிரின் வாசம்.

மூச்சுச் சத்தம் கேட்டது. தன்னுடையதுதான் என்று நினைத்தாள். மூச்சைப் பிடித்துப் பார்த்தாள்.

அது சற்றுப் பிந்தித்தான் நின்றது.

உடும்பு, என்று அவள் மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். கரடி. மரநாய். வாயில் வந்த எல்லா மிருகத்தின் பெயரையும் சொன்னாள்.

வெளியே சத்தம் ஓய்ந்தது. கோழியொன்று கேறியது. தூரத்தில் பேச்சியம்மாவின் குரல்: "போயிருச்சுங்கம்மா! வெளிய வாங்க!"

கமலாசனி எழுந்தாள். சட்டையின் ஓரம் எதிலோ மாட்டிக்கொண்டு இழுத்தது.

காதுக்குக் கிட்ட, மிகக் கிட்ட, வறண்ட தொண்டையில் ஒரு பெண் குரல் சொன்னது.

"இன்னும் போகேல்லை."

பயமுறுத்துகிற குரல் அல்ல. பக்கத்தில் இருப்பவளுக்குச் சொல்வதுபோல.

அடுத்த கணம் இரண்டாவது விமானம் பதிந்தது. கூரைக் குற்றிகள் குதித்தன. கழுத்துக்குள் மண் கொட்டியது. குண்டு கிணற்றுக்கு அங்கால், அவள் படியேறி நடந்திருக்கக்கூடிய பாதையில், பெரிய குழியாக விழுந்திருந்ததைப் பிறகு கண்டாள்.

சத்தம் முற்றாக ஓய்ந்ததும் சட்டையின் ஓரம் தானாக விடுபட்டது.

அவள் நேரே பாலத்தடிக்குப் போய் நின்றுகொண்டு, "மாயாண்டியண்ணை, இனிக் கரடிக் கதை வேண்டாம். இதுக்குள்ள இருந்தது ஆர்?" என்று கேட்டாள்.

மாயாண்டி இக்கரைக்கு வந்து, குழியையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தார். பேச்சியம்மா பின்னால் வந்து நின்று, "சொல்லிருங்க," என்றாள்.

"இந்த வளவு இளையதம்பி அய்யாவோடதுங்க. சம்சாரம் பேரு வடிவம்மா. உங்க ஊர்ப்பக்கத்து ஆளுங்கதான். போன வருசம் ஒருநாள் பொம்மர் சுத்துறப்ப அய்யா கடைத்தெருவுக்குப் போவணும்னு நின்னாரு. அந்தம்மாவ உள்ள எறக்கி விட்டுட்டு, 'நான் வந்து போட்டான் எண்டு சொல்லும்வரைக்கும் வெளியிலை வராதை'ன்னு சொல்லிட்டுப் போனாரு. எனக்குக் காதுல விழுந்துச்சு. போனவரு ரோட்டுலயே செத்துட்டாரு."

"நாந்தாங்க கூப்பிட்டேன்," என்றாள் பேச்சியம்மா. "'போயிருச்சுங்க, வாங்க'ன்னேன். 'இன்னும் போகேல்லை, அவர் வந்து சொல்லட்டும்'னு உள்ள இருந்து சத்தம் வந்துச்சு. சாயங்காலம் செல்லு விழ ஆரம்பிச்சு, ஊரே காட்டுக்குள்ள போயிருச்சுங்க. திரும்பி வந்து பாத்தப்ப சுவத்துல சாஞ்சபடியே இருந்தாங்க. ஒடம்புல காயமே இல்ல. முட்டியில தண்ணி மட்டும் தீந்திருந்துச்சு."

கமலாசனி திரும்பிப் பங்கரைப் பார்த்தாள். பிறகு மாயாண்டி, சூழலைக் கலைப்பதற்கென்றே, மெல்லச் சிரித்தார்.

"உங்க பேச்சு எங்களுக்கே கஷ்டந்தாங்க. மொத மொதல்ல பொம்மர் வந்தப்ப, நீங்கள்லாம் 'போட்டான், போட்டான்'னு கத்துனீங்க. போயிட்டான்னு நீங்க சொல்றீங்க. குண்டு போட்டான்னு நாங்க நெனச்சோம். எல்லாரும் எந்திரிக்கிறப்ப நாங்க மட்டும் மறுபடி குப்புற விழுந்தோம். இப்பத்தான் பழகிருச்சு. போட்டான்னு கேட்டா நாங்களும் வெளிய வந்துருவோம்."

அன்றிரவு முழுவதும் கமலாசனி ஒன்றையே யோசித்தாள். பிறக்கப்போகும் பிள்ளைக்கு இந்தப் பங்கர் வேண்டும். அதற்குள் ஒருத்தி காத்துக்கொண்டிருக்கிறாள். காத்திருப்பது ஒரு சொல்லுக்கு. அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டியவன் இல்லை. பேச்சியம்மா சொன்ன 'போயிருச்சு' உள்ளே இருப்பவளின் ஊர்ச் சொல் அல்ல.

தில்லைநாதனிடம் கேட்கவில்லை. கேட்டால் "உனக்கென்ன விசரே, படிச்சனியெல்லோ" என்பார். அவர் வேலைக்குப் போன பிறகு, நல்ல வெயிலில், படிகளில் புதுச் சாம்பல் தூவிவிட்டு வாசலில் நின்றாள். உள்ளே பேசுவதற்குத் தொண்டை எழவில்லை. கனைத்துக்கொண்டாள்.

"அக்கா, அவன் போட்டான். வெளியிலை வாங்கோ."

ஒன்றும் நடக்கவில்லை. ஒரு காகம் கத்திவிட்டு நிறுத்தியது.

இன்னொரு முறை, இன்னும் அன்பாக: "அக்கா, அவன் போட்டான். வெளியிலை வாங்கோ."

எண்ணெய்த் தலைமயிரின் வாசம் முகத்தில் வந்து மோதியது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். குளிர்ந்த ஏதோ ஒன்று வயிற்றை மிக மெல்ல உரசிக்கொண்டு, அவளைக் கடந்து போனது.

கண்ணைத் திறந்தபோது படிகளில் சாம்பல் துடைபட்டிருந்தது. கீழ்ப்படியிலிருந்து மேற்படி வரைக்கும்.

பின்னேரம் பேச்சியம்மாவுக்கும் மாயாண்டிக்கும் நடந்ததைச் சொன்னபோது கமலாசனியின் முகம் தெளிந்திருந்தது. ஒரு பெரிய உபகாரம் செய்தவளைப் போல இருந்தாள். மாயாண்டி மட்டும் வெற்றிலையை மெல்வதை நிறுத்தினார்.

"வெளிய வாங்கன்னீங்க. சரி. எங்க போவணும்னு சொன்னீங்களா?"

"எங்கை போறதெண்டால்?"

"போங்கன்னு சொல்லலியா?"

கமலாசனிக்கு அது விளங்கவே நேரம் எடுத்தது. "ஆரையும் வாசல்லை வச்சுப் போங்கோ எண்டு சொல்லுறதோ, மாயாண்டியண்ணை? போறவையே போட்டு வாறன் எண்டெல்லோ சொல்லுவினம். எங்கட வாயிலை அந்தச் சொல் வராது."

"அந்தச் சொல்லு வரலேன்னா, வாங்கன்னு கூப்பிட்டது இங்கயேதானுங்களே நிக்கும்," என்றார் மாயாண்டி.

பங்கர் அதன்பின் வெறும் பங்கர் ஆயிற்று. பாய் சுருட்டியபடி கிடந்தது, தண்ணீர் குறையவில்லை, விளக்கு உள்ளே நின்று எரிந்தது. "பாத்தியே, உன்ர உடும்பு காட்டுக்குப் போட்டுது," என்று தில்லைநாதன் சந்தோசப்பட்டார். குசினியில் குடத்துத் தண்ணீர் குறைவதுபோலக் கமலாசனிக்குத் தோன்றியது. வெயில் காலம். தண்ணீர் குறையத்தான் செய்யும். அவள் குசினித் தரையில் சாம்பல் தூவிப் பார்க்கவில்லை. பார்க்க விரும்பவில்லை.

ஜூலை நடுவில் கிபிர் மறுபடி வந்தது.

இந்த முறை அவள் தயங்கவில்லை. இறங்கி, முடக்கைத் தாண்டி, பாயில் உட்கார்ந்தாள். மண்வாசம் தவிர வேறு வாசம் இல்லை. அவளுடைய மூச்சு ஒன்றுதான் கேட்டது. விமானம் கூவிக்கொண்டு பதிந்தது. குண்டு காட்டுப்பக்கம் விழுந்தது. வயிற்றில் கையை வைத்து, "ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை" என்று பிள்ளைக்குச் சொன்னாள்.

அமைதி.

வாசலில் ஒரு குரல் கூப்பிட்டது.

"அக்கா, அவன் போட்டான். வெளியிலை வாங்கோ."

அவள் எழுந்து முடக்கைச் சுற்றி வந்து, முதற் படியில் காலை வைத்தாள். வெளியே வெயில் பளீரென்று இருந்தது. வாசலில் யாரும் தெரியவில்லை.

இங்கே என்னை அக்கா என்று கூப்பிடுவது யார்?

பேச்சியம்மா "போயிருச்சு" என்பாள். மாயாண்டியும் அப்படித்தான். சுற்றுவட்டத்தில் "போட்டான்" என்று சொல்ல அவளும் தில்லைநாதனும் தவிர வேறு யாருமில்லை.

"அக்கா, அவன் போட்டான். வெளியிலை வாங்கோ."

இரண்டாம் முறை இன்னும் அன்பாக இருந்தது. "வாங்கோ" என்பதன் முடிவில் குரல் கொஞ்சம் பிசிறியது, தொண்டை எழாமல் கனைத்துவிட்டுப் பேசியவளின் குரல்போல.

அது அவளுடைய குரல்.

காலைப் படியிலிருந்து எடுத்தாள். பின்னோக்கியே நடந்து முடக்குக்குள் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். கூப்பிடுவது நிற்கவில்லை. இப்போது குரல் வாசலில் இல்லை. வளவில் நடந்து நடந்து, வாய்க்கால் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. அவளுடைய குரலில், எல்லோருக்கும் கேட்கும்படியாக.

"போட்டான். வெளியிலை வாங்கோ."

"வராதேங்கோ!" என்று அவள் உள்ளிருந்து கத்தினாள். "மாயாண்டியண்ணை, வராதேங்கோ!" மண்ணும் முடக்கும் அந்தச் சத்தத்தை விழுங்கிவிட்டன.

பிறகு இரண்டாவது விமானம் பதிந்தது.

அவள் மேலே வந்தபோது குசினி இல்லை. கிணற்றுக் கட்டு பாதி உடைந்திருந்தது. வாய்க்காலுக்கு அப்பால், தன் பங்கர் வாசலுக்கு வெளியே, மாயாண்டி பக்கவாட்டில் படுத்திருந்தார். பேச்சியம்மா அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. கமலாசனி பனங்குற்றிப் பாலத்தில் ஏறி, ஒரு தடுமாற்றமும் இல்லாமல் அக்கரைக்குப் போனாள்.

பேச்சியம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"எதுக்கும்மா கூப்பிட்டீங்க? அது போகலியே."

கமலாசனி வாயைத் திறந்தாள். தன் குரல் எப்படி வெளியே வரும் என்ற பயத்தில் மூடிக்கொண்டாள்.

மாயாண்டியை அன்று பின்னேரமே தோட்டத்து ஓரத்தில் அடக்கம் செய்தார்கள். பேச்சியம்மா அக்கராயன் பக்கம் தங்கை வீட்டுக்குப் போவதாகச் சொன்னாள். போனாளா என்று தெரியவில்லை. தில்லைநாதனும் கமலாசனியும் புதுக்குடியிருப்புக்குப் போய் ஒரு குறுகிய ஒழுங்கையில் கொட்டில் போட்டுக்கொண்டு இருந்தார்கள். ஒக்டோபரில் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் நலம்.

அந்த ஒழுங்கையில் பன்னிரண்டு குடும்பங்கள் வரை இருந்தன. விமானம் வந்து போனால் முதலில் கேட்கும் குரலுக்கு யாரும் பங்கரை விட்டு வெளியே வருவதில்லை. அடுத்த குரல் கேட்ட பிறகுதான் வருவார்கள். எப்போது தொடங்கிய வழக்கம், ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கமலாசனி எழுந்து போய்க் குறைந்திருந்த குடத்தை நிரப்பினாள்.